பின்னாடி ஓட்ட தெரியும்ல?

படகுக்குள் கொஞ்சம் தண்ணீர் இருப்பது வழக்கம்தானா என்று யாரைக் கேட்பது என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை. முதலில் செருப்பு நனைந்தது. ஏரிக்கு வந்தால் செருப்பு நனையத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார். பிறகு கணுக்கால் நனைந்தது. பழைய படகு, கொஞ்சம் வியர்க்கும்போல என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோதுதான் மனுஷருக்குச் சந்தேகம் வந்தது.

கரையில் குடை பிடித்து நின்றிருந்த அவர் மனைவி, "ஏங்க, இது தண்ணிமேல போற படகா, தண்ணிக்குள்ள போற படகா?" என்று கேட்டார்.

"புதுசுல அப்படித்தான் இருக்கும்."

"இதுதான் புதுசு இல்லையே."

"எனக்குப் புதுசு" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். எழுந்திருக்கக் கூடாது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. கண்ணாடிக்காரர் ஏரிக்குள் விழுந்தார். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் காதுவரை ஏறிக்கொள்ள, கையையும் காலையும் அடித்துக்கொண்டு, "போச்சு, போச்சு, என்னை விட்டுடாதீங்க" என்று அலறினார்.

படகுத்துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் திருப்பாமலே, "எழுந்து நில்லுங்க சார், மீனெல்லாம் ஓடுது" என்றார்.

எழுந்து நின்றார். தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை.

கண்ணாடிக்காரர் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, மூக்குக்கண்ணாடி. ஏரிக்கரைச் சாலையில் இருபத்தாறு வருஷமாகக் கடை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வில்லையை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் வேலை. கடைக்கு எதிரே ஏரி. ஞாயிற்றுக்கிழமைகளில் வேகப்படகுகள் அதில் சீறிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து ஏங்கிப்போனவர். சும்மா சொல்லக்கூடாது, வாழ்க்கையில் அவர் ஒருமுறைகூட வேகமாகப் போனதில்லை. அவர் சைக்கிளில் போனால் பக்கத்தில் நடந்து போகிறவர்கள் பேச்சுத் துணைக்கு வருவார்கள். ஐம்பது வயதாகிவிட்டது, இப்போது போகாவிட்டால் எப்போது போவது என்று ஒரு நாள் காலையில் தோன்றியது. சாயங்காலம் படகு வாங்கிவிட்டார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊருக்கும் டீச்சர், வீட்டுக்கும் டீச்சர். படகு விஷயம் தெரிந்ததும் கேள்வித்தாளை எடுத்துவிட்டார்.

"எங்க நிறுத்துவீங்க?"

"படகுத்துறையில."

"ஓட்டத் தெரியுமா?"

"பழகிக்குவேன்."

"நீந்தத் தெரியுமா?"

"நீந்தத் தெரிஞ்சா நான் எதுக்குப் படகு வாங்குறேன்?"

டீச்சர் வாயடைத்துப்போனார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அது முதல் தடவை. அந்தப் பெருமையிலேயே கண்ணாடிக்காரர் இரண்டு நாள் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

இப்போது நெஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, படகை விற்றவருக்கு டீச்சரின் போனில் பேசினார். மாற்றலாகி வேறு ஊருக்குப் போன மனுஷர் அவர்.

"சார், படகுல தண்ணி ஏறுது."

"பின்னாடி ஓட்டையை மூடலையா?"

"எந்த ஓட்டையை?"

"பின்பக்கம் கீழே, கட்டை விரல் அளவுக்கு இருக்குமே. மழைத்தண்ணி வடியறதுக்கு வெச்சது. ஏரியில இறக்கும்போது தக்கையைப் போட்டு மூடிடணும். லாரியில ஏறும்போது நான் கேட்டேனே சார், பின்னாடி ஓட்ட தெரியும்லன்னு."

கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கேட்டது உண்மைதான். லாரி சத்தத்தில் அவர் காதில் அது 'ஓட்டத் தெரியும்ல' என்று விழுந்தது. நான் கிளம்புகிறேன், பின்னாடி நீங்களே ஓட்டிக்கொள்வீர்கள் அல்லவா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டார். படகு வாங்குகிறவன் ஓட்டத் தெரியாது என்றா சொல்வான்? மானப் பிரச்சினை ஆயிற்றே. "அதெல்லாம் நல்லாத் தெரியும்" என்று ஒரு போடு போட்டிருந்தார்.

"நல்லாத் தெரியும்னு சொன்னீங்களே சார்" என்றார் விற்றவர்.

"சொன்னேன்."

"தக்கை சீட்டுக்கு அடியில கயித்துல கட்டித் தொங்கும், பாருங்க."

பார்த்தார். தொங்கியது.

தண்ணீரை இறைத்து, தக்கையைப் போட்டு ஓட்டையை அடைத்துவிட்டுச் சாவியைத் திருகினால், நனைந்துபோன இன்ஜின் தொண்டையைச் செருமிவிட்டு நின்றது. திரும்பத் திருகினார். திரும்பச் செருமியது. பேசப் போகிறது, பேசப் போகிறது என்று ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

வந்ததும் வராததுமாக மச்சானின் போன். டீச்சரின் அண்ணன். ஏரிக்கு அந்தக் கரையில் வீடு. பஸ்ஸில் ஏரியைச் சுற்றிப் போனால் ஐம்பது நிமிஷம். தங்கையின் புருஷனைக் கிண்டல் பண்ணாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"மாப்பிள்ளை, கப்பல் வாங்கிட்டீங்களாமே. அடுத்த ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாடு நம்ம வீட்டுல. பஸ்ல எல்லாம் வரக்கூடாது. மொட்டை மாடியில பைனாகுலரோட நிப்பேன், தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு வரணும்."

கண்ணாடிக்காரர் பதில் சொல்வதற்குள் டீச்சர் போனை வாங்கிக்கொண்டார். "வருவார்ணா. வரலைன்னா திங்கக்கிழமையே படகை வித்துடுறேன்னு சொல்லியிருக்கார்."

"நான் எப்ப சொன்னேன்?"

"இப்ப சொல்லுங்க."

சொன்னார். வேறென்ன செய்வது? ஆனால் அன்று சாப்பாடு இறங்காமல் போனது அவருக்குத்தான். இருபத்தாறு வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்த ஆசை, ஏழு நாளில் கைவிட்டுப் போய்விடுமோ என்று தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அவர் முகத்தைப் பார்த்து டீச்சருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "கவலைப்படாதீங்க. நான் ஒரு ஆளைக் கூட்டிட்டு வரேன். எங்க ஸ்கூல்ல ஆறு வருஷமா வேலை பாக்குறார். அவர் கையில விட்டது எதுவும் இதுவரைக்கும் மூழ்கினதில்லை."

"கெட்டிக்காரரா?"

"மூணு மாசம் பிடிக்கிற வேலை. ஒரே வாரத்துல முடிச்சுத் தரேன்னு சொல்லியிருக்கார்."

திங்கட்கிழமை நாலு மணிக்குக் கடையைப் பாதியில் மூடிவிட்டுக் கண்ணாடிக்காரர் படகுத்துறைக்கு ஓடினார். அரைக்கால் சட்டை, அகலமான தோள், கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரே ஒரு ஸ்பானர். ஆள் தயாராக நின்றிருந்தார். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. மனசுக்குள் ஸ்பானர் என்றே பதிந்துவிட்டது.

"விசில் எதுக்குங்க?"

"தண்ணியில இருக்கிறவங்களுக்குப் பேசினா கேக்காது சார்."

நியாயமாகத்தான் பட்டது. அந்த ஸ்பானரைத்தான் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. "நம்ம சமையலறைக் குழாய்க்கு வாங்கின ஸ்பானர் மாதிரியே இருக்கே" என்றார் மனைவியிடம்.

"எல்லா ஸ்பானரும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார் டீச்சர்.

ஸ்பானர் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இன்ஜினை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு படகை விட்டுவிட்டுக் கண்ணாடிக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"சாருக்குத் தண்ணின்னா எப்படி?"

"குளிக்கிறதோட சரி."

"வாளியிலயா, தொட்டியிலயா?"

"வாளியில."

"அடேங்கப்பா" என்று பெருமூச்சு விட்டார் ஸ்பானர். "சரி, முதல்ல இன்ஜின் விசிறியைப் பாக்கணும். தண்ணிக்கு அடியில இருக்கு. இறங்குங்க."

"நானா? நீங்கதானே பாக்கணும்?"

"நடு ஏரியில இன்ஜின் நின்னுபோச்சுன்னா நானா சார் அங்க வரப்போறேன்? ஓட்டுறவர் பாக்கணும், ஓட்டுறவர் தெரிஞ்சுக்கணும். லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டுங்க, அது போட்டிருந்தா தலை உள்ள போகாது."

எவ்வளவு பொறுப்பான மெக்கானிக் என்று கண்ணாடிக்காரருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில், படகின் விளிம்பை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கித் தலையை முக்கினார். அதே வேகத்தில் வெளியே வந்து இருமினார்.

"என்ன தெரிஞ்சுது?"

"இருட்டா இருந்துச்சு."

"கண்ணைத் திறந்தீங்களா?"

"இல்லை."

"ஊர்ல இருக்கிறவங்க கண்ணையெல்லாம் திறந்து பாக்குறவர் நீங்க. உங்க கண்ணைத் திறக்க நான் யாரைக் கூட்டிட்டு வருவேன்? மறுபடி போங்க. நான் பத்து எண்ணி விசில் அடிக்கிறவரைக்கும் வெளியே வரக்கூடாது."

அன்று இருபத்து நாலு தடவை உள்ளே போனார். ஸ்பானர் பத்து எண்ணினார், பதினைந்து எண்ணினார், கடைசியில் நாற்பது எண்ணினார். இருபத்து நாலாவது தடவையில் கண்ணாடிக்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார். விசிறி தெரிந்தது. அதில் ஒரு பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. அதைப் பிய்த்துக் கையில் தூக்கிப் பிடித்தபடி அவர் வெளியே வந்தபோது, கரையிலிருந்து டீச்சர் கைதட்டினார். அடுத்த நிமிஷம் சாவியைத் திருகியதும் இன்ஜின் உறுமியது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஸ்பானர் விடவில்லை. கையில் ஸ்பானர் இருக்கிறதே, சும்மா போவதா என்று நினைத்தாரோ என்னவோ, கியர் பெட்டியின் மூடியைத் திறந்து எதையோ முறுக்கினார். இன்னொன்றையும் முறுக்கினார். மூடியபோது வெளியே ஒரு நட்டு மிச்சம் இருந்தது. "இது எக்ஸ்ட்ரா" என்று கண்ணாடிக்காரர் கையில் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கண்ணாடிக்காரர் கம்பீரமாக உட்கார்ந்து, கியரை முன்பக்கம் தள்ளினார். படகு பின்பக்கம் போனது. பதறிப்போய் இன்னும் முன்பக்கம் தள்ளினார். இன்னும் வேகமாகப் பின்பக்கம் போய்க் கோரைப்புல்லுக்குள் செருகிக்கொண்டது. தூண்டில்காரர் இடத்தை மாற்றிக்கொண்டு போனார்.

"பரவாயில்லை சார், இறங்கித் தள்ளுங்க" என்று கரையிலிருந்து குரல் கொடுத்தார் ஸ்பானர்.

மார்பளவுத் தண்ணீர். கண்ணாடிக்காரர் காலை ஊன்றித் தள்ளப்போனார். விசில் அடித்தது.

"ஊனாதீங்க. சேறு கலங்கினா இன்ஜினுக்குள்ள போயிடும். படகைக் கையால பிடிச்சுக்கிட்டு, உடம்பை நீட்டிப் படுத்து, காலால உதைச்சுத் தள்ளுங்க."

உதைத்தார். மறுபடி விசில்.

"முழங்காலை மடக்காதீங்க சார்."

"என் முழங்காலுக்கும் படகுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"மடக்கி உதைச்சா தண்ணி மேல தெறிக்கும், ஒயர் நனையும். நேரா உதைங்க. தொடையிலேருந்து."

தொடையிலிருந்து உதைத்தார். படகு நகர்ந்தது. கோரைப்புல்லைத் தாண்டித் துறைவரை உதைத்துக்கொண்டே வந்தார். சரியாகத் தள்ளவில்லை என்று ஸ்பானர் படகைத் திருப்பிவிட்டு, இன்னும் நாலு தடவை போய்வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தவருக்கு டீச்சர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னைக்கு எதுவரைக்கும் வந்துச்சு?"

"மார்வரைக்கும் வந்துச்சு. படகு பின்னாடிதான் போகுது. முழங்காலை மடக்கக் கூடாதாம்."

"மடக்காதீங்க. அவர் சொல்றபடி கேளுங்க. ரெண்டே நாள்ல இவ்வளவு தூரம் வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை."

இவள் வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டா என்று கண்ணாடிக்காரர் நெகிழ்ந்துபோனார்.

புதன்கிழமை, படகு பின்னாடி போவதால் ஸ்டியரிங்கையும் அதற்குத் தகுந்தமாதிரி மாற்ற வேண்டும் என்று ஸ்பானர் அதிலும் கைவைத்தார். அதற்குப் பிறகு இடதுபக்கம் திருப்பினால் படகு வலதுபக்கம் போனது. வலதுபக்கம் திருப்பினால் யோசித்தது. "சாய்மானம் இருக்கு சார். மட்டம் பாக்கணும்" என்றார் ஸ்பானர்.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"கண்ணு தண்ணி மட்டத்துல இருந்தாத்தான் படகு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும். மல்லாந்து படுங்க. காதுவரைக்கும் தண்ணி இருக்கணும். நெஞ்சை நிறைய மூச்சு இழுத்துக்கங்க, இல்லைன்னா மட்டம் தப்பிடும்."

ஸ்பானர் ஒரு விரலை அவர் முதுகுக்கு அடியில் கொடுத்தார். கண்ணாடிக்காரர் விறைத்துக்கொண்டு கிடந்தார். வானம் தெரிந்தது, ஒரு கொக்கு தெரிந்தது, படகு தெரியவில்லை.

"விரலை எடுத்துடாதீங்க" என்றார்.

"எடுத்து அரைமணி நேரம் ஆச்சு சார். படகு எந்தப் பக்கம் சாயுது?"

"ரெண்டு பக்கமும் சாயுற மாதிரி இருக்கு."

"அப்ப மட்டமாத்தான் இருக்கு."

வியாழக்கிழமை கடையில் தபால்காரருக்குக் கண் பரிசோதனை. கண்ணாடிக்காரரின் வலது காதில் முந்தின நாள் தண்ணீர் அடைத்துக்கொண்டிருந்தது. தபால்காரர் படித்த எழுத்து எதுவும் கேட்கவில்லை. தலையைச் சாய்த்து, ஒற்றைக்காலில் நின்று தத்தினார். தபால்காரரும் எழுந்து, தலையைச் சாய்த்து, ஒற்றைக்காலில் தத்தினார்.

"நீங்க எதுக்குத் தத்துறீங்க?"

"புது டெஸ்ட்டுன்னு நினைச்சேன் சார்."

காதுக்குள்ளிருந்து தண்ணீர் வெந்நீராக வடிந்தது. தபால்காரர் வேறு கடையில் ஒருமுறை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் படகுத்துறைக்கு வந்ததும் ஸ்பானர், திங்கட்கிழமை மிச்சமான நட்டைக் கேட்டார். அது எக்ஸ்ட்ரா இல்லையாம், முக்கியமான நட்டாம். கண்ணாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். வாங்கிய கை வழுக்கி, நட்டு ஏரிக்குள் போய்விட்டது.

"ஐயையோ" என்றார் ஸ்பானர், அவ்வளவாக வருத்தமில்லாமல்.

வியாழனும் வெள்ளியும் நட்டுத் தேடுவதிலேயே போயின. தண்ணீர் கலங்கலாக இருந்ததால், குப்புறப் படுத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கலங்கலைப் பக்கவாட்டில் ஒதுக்கி ஒதுக்கித் தேட வேண்டும் என்பது ஸ்பானரின் உத்தரவு. கையால் ஒதுக்கும்போதே காலை உதைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்கிய கலங்கல் திரும்பி வந்துவிடுமாம். கரையில் நடந்துகொண்டே ஸ்பானர் விசில் அடித்தார்.

"ஒதுக்குங்க, உதைங்க, தலையைத் தூக்கி மூச்சு விடுங்க. ஒதுக்குங்க, உதைங்க."

"நட்டு இங்கதானே விழுந்துச்சு. அம்பது அடி தள்ளி ஏன் தேடச் சொல்றீங்க?"

"நட்டு நகரும் சார்."

சனிக்கிழமை சாயங்காலம்வரை நட்டுக் கிடைக்கவில்லை. படகு பின்பக்கம் மட்டும்தான் போனது. ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் திரும்பியது. இன்ஜின் மூடிக்குள்ளிருந்து புதிதாக ஒரு விக்கல் சத்தம் வேறு. கண்ணாடிக்காரர் படகின் விளிம்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு மச்சான் வீட்டுக்குப் போகலைன்னா, திங்கக்கிழமை இது போயிடும்" என்றார். "ஒரே ஒரு தடவை, வேகமா, காத்து மூஞ்சியில அடிக்கிற மாதிரி போகணும்னு ஆசைப்பட்டேன். அது தப்பா?"

ஸ்பானருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். "பின்பக்கமா போனாலும் அந்தக் கரைக்குத்தானே சார் போகுது?" என்றார் மெதுவாக.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அட, ஆமாம். எப்படிப் போனால் என்ன, போய்ச் சேர்ந்தால் போதாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. டீச்சர் நல்ல புடவை கட்டிக்கொண்டு, அண்ணன் வீட்டுக்குப் பழக்கூடையோடு துறைக்கு வந்தார். தூண்டில்காரர் தூண்டிலைச் சுருட்டிவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார். போனில் மச்சான் வேறு.

"மாப்பிள்ளை, மாடிக்கு வந்துட்டேன். பைனாகுலர்ல உங்க மூக்குவரைக்கும் தெரியுது. கிளம்பலாமா?"

"கிளம்பியாச்சு" என்று போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படகில் ஏறினார்.

"நீங்க முதல்ல ஒரு சுத்து போய்ட்டு வாங்க. அப்புறம் நான் ஏறுறேன்" என்றார் டீச்சர்.

லைஃப் ஜாக்கெட் ஸ்பானரின் தோளில் தொங்கியது. ஒரு வாரமாக அதைக் கழற்றியே வைத்திருந்ததால் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்றே கண்ணாடிக்காரருக்குத் தோன்றவில்லை. ஸ்பானர் ஒரு நீளமான கயிற்றையும் ரப்பர் வளையத்தையும் எடுத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றார்.

கியரை முன்பக்கம் தள்ளினார். படகு பின்பக்கமாகக் கிளம்பியது. பின்பக்கமாகப் போவதில் ஒரு வசதி, வழியனுப்ப வந்தவர்களைப் பார்த்தபடியே போகலாம். டீச்சரைப் பார்த்துக் கையசைத்தார். டீச்சரும் குடையை ஆட்டினார். ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பி வலதுபக்கம் போனார், வலதுபக்கம் திருப்பி நேராகப் போனார். கை பழகிவிட்டது. இன்னும் கொஞ்சம் முடுக்கினார். கரை விலகியது, டீச்சர் சின்னதாகிக்கொண்டே போனார், காற்று முகத்தில் அடிப்பதற்குப் பதிலாகப் பின்மண்டையில் அடித்தது. அடித்தாலும் காற்று காற்றுதானே. கண்ணாடிக்காரர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். ஐம்பது வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, நிஜமாகவே வேகமாக. வாய்விட்டுச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து டீச்சரே பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம் சுமார் பத்து விநாடி நீடித்தது.

வேகப்படகின் பின்பக்கம் தாழ்வாக இருக்கும். பின்பக்கமாக விரட்டினால் ஏரி நேராக உள்ளே வரும். வந்தது. முதல் அலையில் இடுப்புவரை, இரண்டாவது அலையில் மார்புவரை. இன்ஜின் கடைசியாக ஒரு விக்கல் விக்கி அடங்கியது. படகு விளிம்புவரை நிறைந்து, ஒரு குளியல் தொட்டி மாதிரி அப்படியே நின்றது. நடுவில் கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஆளுயரத்துக்கு மேல் ஆழம். கரை நூறு அடிக்கு அப்பால்.

ஸ்பானர் பாதிதூரம் வந்து வளையத்தை வீசினார். "சார், இதைப் பிடிங்க."

பிடிக்கவில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் கண்ணாடிக்காரருக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு வாரக் கோபம். வளையத்தை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, படகிலிருந்து தண்ணீருக்குள் பாய்ந்தார். ஸ்பானரை நேருக்கு நேர் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கரையை நோக்கி வந்தார். கையால் ஒதுக்கினார், காலால் உதைத்தார், தலையைத் தூக்கும்போதெல்லாம் திட்டினார்.

"ஒரு வாரமா," என்று தலையைத் தூக்கிச் சொல்லிவிட்டு உள்ளே போனார். "கடையைப் பூட்டிட்டு," மறுபடி உள்ளே. "உன் பேச்சைக் கேட்டேனே," மறுபடி உள்ளே. "முன்னாடி போன படகைப் பின்னாடி போக வெச்சியே," என்று சொல்லும்போது கழுத்தளவுத் தண்ணீருக்கு வந்துவிட்டார். ஸ்பானர் முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கரையை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வந்தார்.

"முழங்கால் சார், முழங்கால்" என்றார்.

"முழங்காலாவது, மண்ணாங்கட்டியாவது. நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

மூச்சு வாங்கக் கரையேறி, தண்ணீர் சொட்ட நின்று திரும்பிப் பார்த்தார். அங்கே நடுவில் படகின் விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. மச்சானின் சிரிப்புச் சத்தம் போனிலிருந்து கேட்குமே என்று காத்திருந்தார். கேட்டது கைதட்டல்.

"வித்துடலாம்" என்றார் டீச்சரிடம். "நான் தோத்துட்டேன். நாளைக்கே வித்துடலாம்."

டீச்சர் படகைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, உதட்டில் சிரிப்பும் இருந்தது. பழக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.

ஸ்பானர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அரைக்கால் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இருவருக்கும் கும்பிடு போட்டார்.

"டீச்சர், சாருக்கு நீச்சல் வந்துடுச்சு, இனிமே யாராவது நல்ல மெக்கானிக்காப் பாத்துப் படகைச் சரி பண்ணிக்கங்க."